திமில் இல்லாத மாட்டுக்குப் பொங்கல்

ஏத்தா, நீ போன்ல அனுப்புன பொங்கல் வாழ்த்து வந்து சேந்துச்சு. நல்லாருக்கு. உங்க அப்பத்தாகிட்டயும் காட்டுனேன். கண்ணாடிய எடுத்து மாட்டி, போனை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "நம்ம பிள்ளை மியூசியத்துலதான வேலைக்குச் சேந்தா, எப்ப பால் பண்ணைக்கு மாறுனா?"ன்னு கேட்டா.

கோவிச்சுக்காத தாயி. அவ மாட்டைப் பாத்துச் சொல்றா. வாழ்த்துல நிக்கிறது கறுப்பும் வெள்ளையுமா ஒரு சீமை மாடு. முதுகு மட்டமாக் கிடக்கு, திமிலக் காணோம். கொம்பு ரெண்டும் காதுக்குள்ளருந்து முளைச்சு வருது. பக்கத்துல பானை பொங்கி வழியுது, அடுப்பக் காணோம். மூணு கல்லு இருக்க வேண்டிய எடத்துல பூக்கோலம். பானைக் கழுத்துல மஞ்சக்கொத்து இல்ல. கரும்புன்னு நீ நினைச்சது நுனியில தென்னங்கீத்தோட நிக்குது. பின்னால வயல்ல ஒரு பொம்பளை நெத்திச்சுட்டி கட்டிப் பாவாடையச் சுழட்டி ஆடுறா. அறுப்புக்கு வந்தவ ஆடிக்கிட்டிருந்தா கூலி குடுக்குறவன் கதி என்ன ஆகும்? அம்புட்டுக்கும் கீழ தங்க எழுத்துல உங்க மியூசியத்துப் பேரு.

கம்ப்யூட்டர்கிட்டச் சொன்னா ஒரு நிமிசத்துல வரைஞ்சு குடுத்துருதுன்னு சொன்ன. குடுக்கட்டும். அது பொங்கச்சோறு தின்னதில்ல, அதைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? உங்களைத்தான் கேக்கணும். உங்க மியூசியத்துக் கூடத்துல அசல் மாட்டுவண்டி நிக்குது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கழுத்துமணியும் சலங்கையும் கிடக்கு. புலிக்குளம் காளை வேணும்னா ராத்திரி பஸ் ஏறி வா, விடியக்காலம் நம்ம தெருவுல போற காளையப் படம் பிடிச்சுட்டுப் போ. அசலைப் பூட்டி வச்சுட்டுப் பொய்யக் கடன் வாங்கி ஊருக்குப் பந்தி வச்சிருக்கீக. மியூசியமே புளுகுனா, நாளைக்குப் பேரப்பிள்ளைக வந்து அந்த வண்டியையும் கம்ப்யூட்டர் செஞ்சதும்பாக. அப்ப யாரு சத்தியம் பண்ணுவா?

"ஐயா, பொங்கல் லீவுக்கு இன்னொரு வாழ்த்துப் போடணும், கூடவே குடும்பமா உக்காந்து ஆன்லைன்ல செய்யுற மாதிரி நாலு விளையாட்டும் குடுக்கணுமாம், ஏதாச்சும் யோசனை சொல்லுங்க"ன்னு கேட்ட. 78 வயசுக்காரன்கிட்ட ஆன்லைனுக்கு யோசனை கேட்ட மொத ஆள் நீதான். கேட்டுட்ட, இனி முழுசாக் கேட்டுத்தான் ஆகணும்.

மாதிரிக்குன்னு வெளிநாட்டு மியூசியங்க பண்ணுனதெல்லாம் அனுப்பியிருந்தியே, வாத்தியார் வீட்டுப் பையனை உக்கார வச்சு ஒண்ணுவிடாமப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். எனக்கு ரெண்டு டீயும் ஒரு வடையும் செலவு. அதை உங்க ஆபீஸ் கணக்குல எழுதிக்க.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு ஹென்றி கோல்னு ஒரு லண்டன் மனுசர். 1843-ல கிறிஸ்துமஸ் வந்துருச்சு. வந்த கடுதாசி குமிஞ்சு கிடக்கு, அம்புட்டுக்கும் பதில் எழுதணும். அதுக்கு மூணு வருசம் முந்தித்தான் ஒரு பென்னிக்கு நாடு பூராம் கடுதாசி போகும்னு திட்டம் வந்திருக்கு. அதைக் கொண்டாரப் பாடுபட்டதுல இவரும் ஒருத்தர். சல்லிசாக் கடுதாசி போட வழி பண்ணிட்டு, இப்பக் கடுதாசியப் பாத்தே மனுசர் மிரண்டு போனாரு. என்ன பண்ணுனாரு? ஹார்ஸ்லின்னு ஒரு ஓவியரைப் பிடிச்சு அட்டையில ஒரு படம் போடச் சொல்லி, ஆயிரம் அட்டை அடிச்சு, பேரை மட்டும் எழுதி அனுப்பிட்டாரு. மிச்சத்த ஒரு ஷில்லிங்னு விலைக்கு விட்டாரு. அன்னிக்குக் கூலிக்காரனுக்கு அது பெரிய காசு. படத்துல குடும்பமே மேசையச் சுத்தி உக்காந்து ஒயின் கிளாசத் தூக்குது; சின்னப் பிள்ளைக்கும் ஒரு வாய் புகட்டுறாக. மதுவிலக்குக்காரக சண்டைக்கே வந்துட்டாக.

இதே மனுசர்தான் பின்னால சவுத் கென்சிங்டன் மியூசியத்துக்கு மொத இயக்குநரா உக்காந்தாரு. இன்னிக்கு விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம்ங்கிறாகளே, அதேதான். ஆக, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைய அச்சடிச்சு ஆரம்பிச்சு வச்சதே, பதில் எழுதச் சோம்பல்பட்ட ஒரு மியூசியத்துக்காரருதான். நீயும் ஒரே படத்த எட்டு குரூப்புல தட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போனதுல தப்பே இல்ல, பரம்பரைத் தொழில். ஆனா ஒண்ணு, அந்த மனுசர் மியூசியத்துக்குள்ளயே சாப்பாட்டுக்கும் எடம் பண்ணி வச்சாரு. வெறும் வயித்தோட வந்தவன் ஓட்டாஞ்சல்லியப் பாத்துப் பரவசப்பட மாட்டான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க மியூசியத்துல பண்டிகைக்காச்சும் ஒரு சுண்டல் உண்டா?

அடுத்தது அந்தக் கிடா. இங்கிலாந்துல ரெடிங்னு ஒரு ஊரு, அங்க கிராமத்துப் பொழப்புக்குன்னே ஒரு மியூசியம். கலப்பை, கூடை, வண்டின்னு பூராம் நம்ம வீட்டுச் சாமான். 2018 ஏப்ரல்ல அவுக பழைய போட்டோ ஒண்ணு போட்டாக, 1962-ல எடுத்தது, எக்ஸ்மூர் ஹார்ன்னு ஒரு சாதிச் செம்மறிக்கிடா. படத்த நான் பாத்தேன் தாயி. அது கிடா இல்ல, ஊர் அம்பலம். நாலு காலையும் ஊனிக்கிட்டு, என்னைய மீறி எவன் போறான்னு நிக்குது. கீழ எழுதுனது ஒரே வரி. அர்த்தம் இம்புட்டுதான், எம்மாம் பெருசு பாருங்கப்பா. அவ்வளவுதான். மேதகு இன்னார் தலைமையில, மாண்புமிகு இன்னார் முன்னிலையிலன்னு ஒண்ணும் இல்ல. உலகம் பூராம் பரவிருச்சு. அந்த மியூசியம் இருக்கிற திக்கு தெரியாதவன்லாம் கிடாவப் பத்திப் பேசுனான். ஏன்னா, கிடா அசல். எழுதுனவனுக்கு அதப் பாத்ததும் வாயத் தொறந்த ஆச்சரியம், அதுவும் அசல்.

இன்னொருத்தர் அமெரிக்காவுல ஓக்லஹோமா சிட்டி கௌபாய் மியூசியத்துக் காவக்காரர். 2020 மார்ச்சுல கொரோனாவுக்கு மியூசியத்தப் பூட்டுனப்ப, உள்ள இருக்கிறது அவர் ஒருத்தர்தான்னு செய்தி போடுற வேலையையும் அவர் தலையில கட்டிட்டாக. அவருக்கு அந்த வித்தை தெரியாது. ஹேஷ்டேக் போடுங்கன்னா அந்த வார்த்தையையே எழுத்துக்கூட்டி எழுதிட்டாரு. சனம் கூடிப்போச்சு. ராத்திரியும் பகலும் அந்தச் சாமானுக கூடயே கிடக்கிற ஆளு, தன் கண்ணுல பட்டதச் சொன்னா யாருக்குத்தான் கேக்கத் தோணாது? உங்க மியூசியத்துலயும் ஒரு அம்மா கூட்டித் தொடைக்கிறாகன்னு சொன்னியே. அவுககிட்டப் போயி, எந்தப் பெட்டி முன்னால பிள்ளைக மூக்கக் கண்ணாடியில அழுத்தி வச்சுட்டுப் போகுதுன்னு கேளு. தினமும் அந்த மூக்குத் தடத்தத் தொடைக்கிறவுக அவுகதான். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதுதான் உன் பொங்கல் வாழ்த்து. மேலதிகாரிக பத்து நாள் கூட்டம் போட்டாலும் அதக் கண்டுபிடிக்க முடியாது.

லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி மியூசியம் அதே ஊரடங்குல வீட்டுல இருக்கிற சாமானை வச்சுப் பழைய ஓவியத்தப் போல வேசம் கட்டிப் படம் அனுப்பச் சொன்னாகளாமே, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. துண்டத் தலையில சுத்தி ராஜா ஆகுறது நமக்குப் புதுசா? நம்ம ஊர்க் கூத்துல பாதிப் பேரு அப்படித்தான். அத விடு.

நம்ம வாழ்த்துக்கு வருவோம். எங்க காலத்துல மார்கழி பாதியிலயே பஜார் பிளாட்பாரத்துல கயித்தக் கட்டி அட்டையத் தொங்க விட்டுருவாக. சாமி படம், காளை படம், ஏர் ஓட்டுற படம், நடுவுல எம்.ஜி.ஆர்., சிவாஜி. உறைய ஒட்டாம 'புக்போஸ்ட்'டுல போட்டாத் தபால்தலைக் காசு கம்மி. ஒட்டாத உறைங்கிறதால தபால்காரரு வழியிலயே பாத்துட்டு, "என்ன மச்சான் வீட்டுல இருந்து பெரிய அட்டையா வந்திருக்கு"ம்பாரு. உங்க அப்பத்தாவுக்குத் தம்பி ஒருத்தன் இருந்தானே, சரியான சிவாஜி பைத்தியம். அவனுக்கு வருசா வருசம் எம்.ஜி.ஆர். படம் போட்ட அட்டையாத் தேடி வாங்கி, "இந்தப் பொங்கலுக்காவது தங்களுக்கு நல்ல புத்தி பொங்கட்டும்"னு எழுதி அனுப்புவேன். அவன் அந்த அட்டையக் கிழிச்சானா? ஒண்ணக்கூடக் கிழிக்கல. அவன் காலமான பெறகு டிரங்குப் பெட்டியத் தொறந்தா, கட்டா அடுக்கி நூலு போட்டுக் கட்டி வச்சிருக்கான்.

உங்க மியூசியம் அந்த மாதிரி அட்டை ஒண்ணாச்சும் வாங்கி வச்சிருக்கா? தேடு. ராஜா காலத்துக் கத்தி பத்து இருக்கும், 1970-ல ஒரு மாமன் மச்சான் எப்படிச் சண்டை போட்டாகங்கிறதுக்குச் சாட்சி ஒண்ணு இருக்காது. இந்த வருச வாழ்த்தா அப்படி ஒரு பழைய அட்டையோட முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போடு. பின்பக்கம்தான் முக்கியம். கோணல் கையெழுத்தும், தபால் முத்திரையும், மூலையில பிள்ளைக கிறுக்குனதும். "உங்க வீட்டுல யாரு யாருக்கு என்ன அட்டை போட்டாக, கேட்டுச் சொல்லுங்க"ன்னு கீழ ஒரு வரி எழுது. அன்னிக்கு ராத்திரி எத்தனை வீட்டுல கிழடு கட்டைகளுக்குப் பேச ஆள் கிடைக்குதுன்னு பாரு. எங்களுக்கும் கொஞ்சம் கிராக்கி வரட்டுமே தாயி.

அடுத்து நீ போட்டிருந்த குடும்ப விளையாட்டுப் பட்டியல். காகிதப் பானை செய்தல், வண்ணம் தீட்டுதல், துண்டுப் படம் சேர்த்தல், குறுக்கெழுத்து, வினாடி வினா. நல்ல பட்டியல்தான். அடுத்த தெருவுல நடந்ததச் சொல்றேன், கேளு. எங்கயோ ஒரு மியூசியம் இப்படித்தான் தாளு அனுப்பியிருக்கு. வீட்டுல பிரிண்டரு இல்ல; அம்மாக்காரி வெயில்ல ஜெராக்ஸ் கடைக்குப் போனா, லீவுன்னு பூட்டிக் கிடக்கு. அடுத்த ஊரு போயிக் கலர் எடுத்தாந்து, கத்திரிக்கோலத் தேடி, பசை இல்லாம சோத்துப் பருக்கையத் தடவி, வெட்டி ஒட்டி முடிச்சது பூராம் அவ. அப்பன்காரன் ஈசிச்சேர்ல இருந்து எந்திரிச்சு வந்து போட்டோ எடுத்து, 'எங்கள் குடும்பத்தின் கைவண்ணம்'னு ஸ்டேட்டஸ் வச்சான். பிள்ளை? அம்மா போனப் புடுங்கிட்டான்னு திண்ணையில உக்காந்து அழுதுகிட்டிருக்கு.

அதனால நீ எழுதுற தாளுல மொத வரியா, 'அப்பா செய்ய வேண்டியது'ன்னு போட்டுரு. கத்திரிக்கோல் தேடுறது, குப்பை அள்ளுறது ரெண்டும் அதுல இருக்கட்டும். மியூசியம்னா வரலாறு படைக்கணும்ல?

இன்னொண்ணு, அந்தச் சான்றிதழ். கொரோனா காலத்துல பேரப் பதிஞ்சவன், பதியாதவன், தெரியாம அமுக்குனவன் அம்புட்டுப் பேருக்கும் மின்சான்றிதழ் வந்துச்சு. உங்க சித்தப்பன் 'பனையோலைச் சுவடிப் பாதுகாப்பு'க் கருத்தரங்குல கலந்துக்கிட்டான்னு ஒரு சான்றிதழ் வச்சிருக்கான். அன்னிக்கு அவன் மோட்டார் ரூம்ல படுத்துத் தூங்குனத நான் பாத்தேன். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேணாம். மியூசியத்துக்கு வந்தா அந்த மாட்டுவண்டி மேல அஞ்சு நிமிசம் உக்கார விடுறோம்னு ஒரு சீட்டுக் குடு. உங்க ஆபீசர் பதறுவாரு. வண்டி நெல்லு மூட்டை சுமந்தது, நண்டும் சிண்டும் ஏறுனா உடையாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு.

சரி, வேற என்ன விளையாட்டுங்கிற. பிரிண்டரும் வேணாம், பசையும் வேணாம். ஒவ்வொரு வீட்டுலயும் படி இருக்கு. பித்தளையோ, இரும்போ, மூங்கிலோ, பரண்ல எங்கயாச்சும் கவுந்து கிடக்கும். நம்ம வீட்டுப் படியவே எடுத்துக்க. வெளிம்புல ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு வழுவழுன்னு இருக்கும், பாத்திருக்கியா? எங்க ஆத்தாவும், அவுகளுக்குப் பெறகு உங்க அப்பத்தாவும் ஒரே பக்கமாக் கைய வச்சுத் தலைதட்டித் தலைதட்டித் தேஞ்சது. அடியில ஒரு நசுங்கல், செவலைக்காளை மிதிச்சது. அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டாக. "லாபம்"னு ஆரம்பிச்சு அப்புறம் ரெண்டு, மூணுன்னு போவாக. கூலிக்கு அளக்கையில தலைதட்டி அளப்பான், குடுத்த கடன வாங்கையில குமிச்சு அளப்பான். ஒரே படிதான், ரெண்டு நியாயம். எங்கய்யா அப்படிப்பட்டவரு இல்லன்னு நான் சொல்லுவேன். ஊருல கேட்டா வேற மாதிரியும் சொல்லக்கூடும். நீ ஊருல கேக்காத.

ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. 1956-ல சட்டம் போட்டுக் கிலோவையும் லிட்டரையும் கொண்டாந்தாக. கடையில மாறிப்போச்சு, பொங்கப்பானைக்கு இன்னும் மாறல. உங்க அப்பத்தாகிட்ட நானூத்தி சொச்சம் கிராம் அரிசி போடுன்னு சொல்லிப் பாரு, கரண்டி வரும். அதனால உன் விளையாட்டு இதுதான்: பொங்கலுக்கு அரிசிய வீட்டுப் படியிலயோ உழக்குலயோ பிள்ளை அளக்கட்டும், "லாபம்"னு ஆரம்பிச்சு. அதத் தராசுல நிறுத்து, படி படத்தோட எத்தனை கிராம்னு அனுப்பட்டும். படிக்குப் படி வித்தியாசம் வரும், ஊருக்கு ஊரு வித்தியாசம் வரும். அத ஒரு வரைபடத்துல போட்டு வையி. உன் மியூசியத்துல இதுவரைக்கும் எவனும் சேத்து வைக்காத சங்கதி, ஒரு பைசா செலவில்லாம வந்து சேந்துரும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, உங்களுக்கு ஆராய்ச்சி, உங்க ஆபீசருக்குப் பேப்பர்ல பேரு.

ரெண்டாவது, சில்லு. நம்ம வீட்டுல இருந்து சைக்கிள் மிதிச்சாப் போயிரலாம் கீழடி. தென்னந்தோப்புக்குள்ள 2015-ல மத்தியத் தொல்லியல்காரக வந்து தோண்டுனப்ப ஊரே போயி வேடிக்கை பாத்தோம். பெறகு மாநிலத் தொல்லியல் துறை வந்து தோண்டுச்சு. இப்பக் கொந்தகையில செட்டிநாட்டு வீடு கணக்கா மியூசியம் கட்டி, 2023 மார்ச் 5-ல தெறந்து வச்சாக. உறைகிணறு, தக்களி, சூதுபவள மணி, பேரு கீறுன பானை ஓடு, எல்லாம் இருக்கு. ஆனா நான் போனா ரொம்ப நேரம் நிக்கிறது அந்த வட்டச்சில்லு பக்கம்தான். உடைஞ்ச பானை ஓட்டை ஓரம் உரசி வட்டமாக்குனது, நூத்துக்கணக்குல. பக்கத்துலயே ஆட்டக்காயும் பகடையும். ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. அன்னிக்கும் ஒரு ஆத்தா பானை உடைஞ்சதுக்கு ஒருத்தன வைய, இன்னொருத்தி அந்த ஓட்டப் பொறுக்கிக்கிட்டுக் கட்டம் தாண்ட ஓடியிருக்கா. நாங்களும் அதே தோப்புல ஓடு பொறுக்கிச் சில்லு ஆடுனவுகதான். எது எங்க ஓடு, எது அவுக ஓடுன்னு தொல்லியல்காரகதான் பாத்துச் சொல்லணும். நான் வாயே தொறக்கல.

நீ துண்டுப் படமும் குறுக்கெழுத்தும் போடுறதுக்குப் பதிலா, 'கரித்துண்டு எடு, வாசல்ல கட்டம் போடு, உடைஞ்ச ஓடு ஒண்ணத் தேயி, உங்க அம்மாவ ஆடச் சொல்லு'ன்னு நாலு வரி போடு. எத்தனை கட்டம், நடுக்கட்டத்துக்கு என்ன பேரு, எப்பக் கண்ண மூடித் தாண்டணும்ங்கிறது தெருவுக்குத் தெரு மாறும். அத எழுதி அனுப்பச் சொல்லு. ஒரு வீட்டு அம்மா புடவையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஒத்தக்கால்ல தாண்டுனத அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. அப்பன்காரன் அதையும் போட்டோ எடுப்பான், எடுத்துட்டுப் போகட்டும்.

போகிக்கு முந்தி ஒரு அறிவிப்பு குடுத்துரு. நம்ம பக்கம் போகிக்கு எரிக்கிறது குறைச்சல். ஆவாரம்பூவும் வேப்பிலையும் கூரைப்பூவும் சேத்துக் காப்புக் கட்டுறதோட சரி. மெட்ராசுல டயரக் கொளுத்தி, 2018-ல பிளேனே எறங்க முடியாமத் தவிச்சுச்சு. ஆனா வெள்ளையடிக்கிறேன்னு பரணைக் காலி பண்ணுறது எல்லா ஊருலயும் உண்டு. உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனாரு. கோயில்ல இருந்த பழைய ஏட்டையெல்லாம் நெய்யில தோச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னு சொன்னாகளாம். தன் சரித்திரத்துலயே எழுதி வச்சிருக்காரு. அந்த மனுசர் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்? அதனால, 'எரிக்குமுன்ன எங்களுக்கு ஒரு படம் அனுப்புங்க'ன்னு சொல்லு. அடமானப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, ரேசன் கார்டு, மொய் நோட்டு எதுவானாலும் சரி. மொய் நோட்டு வந்தா மட்டும் உள்ள பிரிக்காத. அதுல இருந்து புதுசாச் சண்டை கிளம்பும்.

எப்பப் போடுறதுன்னு ஒரு கணக்கு இருக்கு. பொங்கலன்னிக்குக் காலையில உன் விளையாட்ட அனுப்பாத. பொம்பளைக அடுப்புக்குள்ள தலைய விட்டு ஊதிக்கிட்டிருப்பாக. அப்ப உன் மெசேஜ் 'டிங்'குன்னு வந்தா உன் மியூசியத்துக்கு நல்ல வார்த்தை கிடைக்காது. வாழ்த்து மட்டும் மொத நாள் ராத்திரி. படிக் கணக்கு போகிக்கு முந்தியே சொல்லிரணும். மாட்டுப் பொங்கல் மத்தியானம் எல்லாரும் தின்னுட்டு உருளுற நேரம், அதுதான் சில்லுக்குத் தோது. தின்னது செரிக்கவும் செரிக்கும்.

காணும் பொங்கலுக்கு மட்டும் ஆன்லைன்ல ஒண்ணும் போடாத, தாயி. அன்னிக்கு உங்க கதவ அகலத் தெறந்து வையி. மெட்ராஸ் எழும்பூர் மியூசியம் 1851-ல ஆரம்பிச்சது. அதப் பாத்துக்கிட்ட பால்ஃபர்ங்கிற டாக்டர் துரை, கல்லையும் எலும்பையும் மட்டும் வச்சாச் சனம் வராதுன்னு புரிஞ்சுக்கிட்டு, 1855-ல அதே வளாகத்துல உயிரோட மிருகங்கள வச்சு ஒரு காட்சிசாலையத் தொடங்குனாரு. பின்னால அது பிரிஞ்சு மூர் மார்க்கெட் பக்கம் போயி, 1985-ல வண்டலூர்ல போயி நின்னுச்சு. மெட்ராஸ் சனம் மியூசியத்துக்குச் செத்த காலேஜ்னும், மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ்னும் பேரு வச்சுக் காணும் பொங்கலுக்கு ரெண்டையும் சுத்துனாக. நானும் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு உங்க அப்பத்தாவோட போயிருக்கேன். திமிங்கல எலும்புக்கூட்டப் பாத்துட்டு, "இதுக்கு எம்புட்டு மசாலா ஆகும்"னு கேட்டா. பக்கத்துல நின்ன காவக்காரரு சிரிப்ப அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அந்தக் கேள்வி எந்த வினாடி வினாவுலயும் வராது.

இப்ப என் விசயத்துக்கு வாரேன். நம்ம வீட்டுப் பித்தளைப் படியப் பண்டிகைக் கண்காட்சிக்குக் கேட்டிருக்க. ரெண்டு தடவை கேட்ட, நான் காது கேக்காத மாதிரி இருந்தேன். குடுக்குறேன். ஆனா தானமா இல்ல, இரவலா. நசுங்கல நிமித்துறேன்னு எவனும் சுத்தியல எடுக்கக் கூடாது. புளி போட்டுத் தேச்சுப் பளபளன்னு ஆக்கக் கூடாது. தேஞ்ச வெளிம்பு தெரியணும். பக்கத்துல வைக்கிற அட்டையில 'பித்தளை, உயரம் இத்தனை சென்டிமீட்டர்'னு எழுதுறதோட நிறுத்தாம, உங்க அப்பத்தா பேரையும் எங்க ஆத்தா பேரையும் போடணும். என் பேரு வேணாம், நான் அதுல அளந்ததவிட வாயால அளந்ததுதான் அதிகம்னு உங்க அப்பத்தா சொல்லுவா. மாசி பிறக்குமுன்ன படி வீடு வந்து சேரணும், அறுத்த நெல்லு அளக்கக் கிடக்கு.

நீயே நேர்ல வந்து எடுத்துட்டுப் போ. கூரியர்காரன் கையில குடுக்க மாட்டேன். வரும்போது எனக்கு வெத்தலை ஒரு கவுளி, உங்க அப்பத்தாவுக்குத் தெரியாமப் போயிலை ஒரு பட்டை, அப்புறம் உங்க ஆபீஸ் சீல் போட்ட ரசீது ஒண்ணு. ரசீது இல்லாம உங்கப்பனுக்கே நான் மம்பட்டி குடுத்ததில்ல.